பாலில்லாக் கறியும் பகலெல்லாம் வேகும் பானையும்

இலண்டனிலோ நியூயார்க்கிலோ உள்ள உணவுவிடுதி ஒன்றில் நுழைந்து, 'இந்தியக் கோழிக்கறி' என்று கேட்பவர்க்கு எது கிடைக்கிறது? செம்மஞ்சள் நிறக் குழம்பு, அதன்மேல் வெண்ணிறப் பாலாடைக் கோலம், உள்ளே தயிர், வெண்ணெய், நெய்! பால்பொருள் ஒவ்வாத ஒருவர், "இவை இல்லாமல் கிடைக்குமா?" என்று கேட்டுவிட்டாலோ, கறியின் உயிரையே எடுத்துவிட்டு உடலை மட்டும் கேட்டவரைப் பார்ப்பதுபோல் பார்க்கின்றனர். சமையல் நூல்களும் 'பாலற்ற இந்தியக் கறி' என்று தனித் தலைப்பிட்டு, நோயாளிக்குச் சலுகை வழங்கும் குரலில் இரண்டு பக்கம் எழுதி முடிக்கின்றன.

பால் கலந்த கறியே முறை, பாலில்லாதது விலக்கு எனும் இத்தீர்ப்பை எழுதியவர் யார்? எந்த நாளில் எழுதினார்? எந்தச் சான்றைக் கொண்டு எழுதினார்? வரலாற்றைச் சாட்சிக் கூண்டில் ஏற்றிக் கேட்டுப் பார்ப்போம்.

கேட்பதற்கு மற்றொரு காரணமும் உண்டு. மேலைநாட்டு இல்லங்களில் இந்தக் கறியை இன்று பலரும் 'ஸ்லோ குக்கர்' எனும் மின்பானையில் சமைக்கின்றனர். காலையில் எல்லாவற்றையும் இட்டு மூடி, விசையைத் திருகிவிட்டுப் பணிக்குச் செல்கின்றனர். மாலையில் வந்து மூடியைத் திறந்தால் கறி வெந்திருக்கிறது. அந்தப் பானையின் பிறப்பை ஆராய்ந்தால், அதுவும் இறைச்சியோடு பாலைச் சேர்க்காத ஓர் அடுக்களையில் கருக்கொண்டது என்பது தெரியவரும். கறி, பானை ஆகிய இரண்டின் கதையும் ஒரே இடத்தில் வந்து கைகுலுக்குகின்றன!

முதலில் கறி. ஆங்கிலேயர் 'கரி' என்று வழங்கும் சொல் தமிழ் தந்த சொல் என்பதை அறிஞர் பெரும்பாலோர் ஏற்கின்றனர். போர்த்துக்கீசியர் அதைக் 'கரில்' என்றனர். நம் சங்கச் சான்றோர் நாவில் அச்சொல்லுக்கு முதன்மையான பொருள் மிளகு. முசிறித் துறைக்குப் பொன்னொடு வந்த யவனர் மரக்கலங்கள் கறியொடு திரும்பின என்று அகநானூறு கூறுகிறது. கறி மூட்டைகள் வீடுகளில் குவிந்து கிடந்ததைப் புறநானூறு காட்டுகிறது. உறைப்பைத் தந்த பொருளின் பெயர், உறைப்பேற்றிச் சமைத்த உணவின் பெயராகவும் வழங்கலாயிற்று. மிளகாய் அன்று இல்லை, தக்காளியும் இல்லை. அவ்விரண்டும் அமெரிக்கக் கண்டத்திலிருந்து, ஐரோப்பியர் கடல் கடந்த பின்னர் வந்து சேர்ந்தவை. மிளகாயில்லாமல் கறியா என்று இன்று வியப்பவர், ஆயிரம் ஆண்டுக்கு மேல் நம் மூதாதையர் மிளகாயின் முகத்தையே காணாமல் கறி சமைத்து உண்டனர் என்பதை நினைவிற் கொள்ளல் வேண்டும்.

கோழிக்கு வருவோம். கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடிய பெரும்பாணாற்றுப்படையில் பாணன் பல நிலங்களைக் கடந்து செல்கிறான். மருத நிலத்து உழவர் வீட்டில் அவனுக்குக் கிடைக்கும் விருந்து வெண்ணெல் அரிசிச் சோறும், மனையில் வளர்ந்த பெட்டைக் கோழியை வாட்டிச் சமைத்த பொரியலும். அந்தப் பெட்டைக் கோழிக்கு 'அளகு' என்று அழகிய பெயர் உண்டு. சோறும் அளகும் கூடிய அவ்விருந்தில் பாலின் பேச்சில்லை.

பால் அறியாத மக்களா அவர்கள்? அல்லர். அதே நூலில், அதே பாணன் செல்லும் வழியில், விடியலில் எழுந்து மோர்ப்பானையைத் தலையிற் சுமந்து சென்று விற்று வரும் ஆய்மகள் ஒருத்தி வருகிறாள். மோரைத் தந்து நெல் கொள்கிறாள். நெய்க்கு விலையாகப் பொன் தந்தால் வாங்க மறுத்து, எருமையும் ஆவுமே கேட்டுப் பெறுகிறாள். என்ன பொருளறிவு! பொன் பெட்டியில் உறங்கும். எருமை கன்று ஈனும். நிற்க. நாம் காட்ட விரும்புவது இதுதான்: பாலும் மோரும் நெய்யும் இருந்தன, உண்டனர், விற்றனர். குறுந்தொகைத் தலைவி கட்டித் தயிரைக் கையாற் பிசைந்து புளிக்குழம்பு சமைத்ததும் நாம் படித்ததே. ஆயினும் கோழியைச் சமைக்கப் பால் வேண்டும் எனும் விதி மட்டும் அங்கில்லை. இன்றும் செட்டிநாட்டுக் கோழிக் குழம்பில் மிளகும் சோம்பும் தேங்காயும் உண்டு, பாலாடை இல்லை. தேங்காய்ப் பாலைப் 'பால்' என்கிறோமே எனலாம். நிறத்தால் வந்த பெயர் அது. எந்த ஆவும் அதைக் கறப்பதில்லை.

பின் எங்கிருந்து வந்தது இந்தப் பால்? வடபுலத்து அரண்மனை அடுக்களைகளில் பாரசீக வழிவந்த சமையல் தயிரிலும் நெய்யிலும் இறைச்சியை ஊறவைத்து வேகவைத்தது. குருமா அவ்வழி வந்ததே. அது மன்னர் உணவு. மக்கள் எல்லோருக்கும் எட்டியதன்று.

நெய்க்கு வடபுலத்தில் மற்றொரு வேலையும் தரப்பட்டிருந்தது. உணவைக் 'கச்சா' என்றும் 'பக்கா' என்றும் இரண்டாகப் பிரித்தனர். நீரில் வெந்த சோறும் பருப்பும் கச்சா. நெய்யில் பொரித்த பூரியும் பலகாரமும் பக்கா. கச்சா உணவைத் தன் சாதியாரிடமிருந்தோ, தனக்கு மேல் என்று கருதப்பட்டவரிடமிருந்தோதான் பெறலாம். பக்கா உணவையோ சற்றுக் கீழ் என்று கருதப்பட்டவரிடமிருந்தும் பெறலாம். ஏன்? நெய் பட்டுவிட்டது, தீட்டு ஓடிவிட்டது! அதே கை, அதே மாவு, அதே அடுப்பு. நீரிலே வெந்தால் தீட்டு, நெய்யிலே வெந்தால் தூய்மை! இத்துணை ஆற்றல் படைத்த நெய், தீண்டத்தகாதார் என்று தள்ளி வைக்கப்பட்ட மக்களின் குடிசை வாயிலை எட்டியதும் ஆற்றல் இழந்துவிட்டது. அவர்கள் கைப்பட்ட பூரி பக்காவாகவில்லை. பசுவின் நெய்யும் ஆள் பார்த்தே அருள் புரிந்தது போலும்.

இதனால்தான் விடுதிக் கறியில் பாலாடை புகுந்தது என்று நாம் கூறவில்லை. அந்தக் கதை வேறு. ஆனால் பாலும் நெய்யும் சேர்ந்த உணவு 'உயர்ந்தது', நீரும் எண்ணெயும் கொண்டு வெந்தது 'எளியது' எனும் எண்ணம் நம்மிடையே வேரூன்றியதற்கு நாக்கு மட்டும் பொறுப்பன்று. அவ்வளவே நாம் சொல்வது.

விடுதிக் கறியின் கதையைக் கேட்போம். 1747இல் இலண்டனில் ஒரு சமையல் நூல் வெளிவந்தது. ஆசிரியர் ஹன்னா கிளாஸ். பெண்ணின் பெயரை அட்டையில் அச்சிடத் தயங்கிய காலம். 'ஒரு சீமாட்டி எழுதியது' என்று மட்டும் போட்டனர். அந்நூலில் 'இந்திய முறைக் கறி' சமைக்கும் குறிப்பு இருக்கிறது. கோழி இரண்டு அல்லது முயல் இரண்டு, சின்ன வெங்காயம் மூன்று நான்கு, மிளகு முப்பது மணி, ஒரு கரண்டி அரிசி. கரி அள்ளும் தகட்டைத் துடைத்து, அதிலே கொத்தமல்லி விதையை வறுத்து இடிக்க வேண்டுமாம்! எல்லாவற்றையும் நீரில் இட்டு மெல்ல வேகவைத்து, இறுதியில் வாதுமைக் கொட்டை அளவு வெண்ணெய் சேர்க்கச் சொல்கிறார். மிளகாய் இல்லை, மஞ்சள் இல்லை, பாலாடையும் இல்லை. கறி என்றால் மிளகு என்ற நம் பழம்பொருள் அந்த முப்பது மணிகளிலே கடல் கடந்து சென்று உட்கார்ந்திருக்கிறது.

பின்வந்த பதிப்புகளில் குறிப்பு மாறுகிறது. மஞ்சளும் இஞ்சியும் வருகின்றன. கூடவே பாலாடையும் எலுமிச்சைச் சாறும் வருகின்றன. பாலாடை ஆங்கிலேயர் அடுக்களையில் எந்நாளும் நின்ற பொருள். உறைப்பைத் தணிக்க அதை ஊற்றினர். அவர்கள் நாவுக்கு அவர்கள் செய்துகொண்ட உதவி அது. அதில் குற்றம் காண நமக்கு உரிமையில்லை. குற்றம், அந்த உதவியையே மூலம் என்று பின்னர் எண்ணியதில் இருக்கிறது.

இருநூறு ஆண்டு கழிந்தது. 1947இல் நாடு பிளவுண்டபோது பெசாவரிலிருந்து தில்லிக்கு ஏதிலிகளாய் வந்தவர்கள், தரியாகஞ்சில் 'மோதி மகால்' என்ற விடுதியைத் தொடங்கினர். சுட்ட கோழியைத் தக்காளி, வெண்ணெய், பாலாடை கலந்த குழம்பில் இட்ட 'பட்டர் சிக்கன்' அங்கிருந்து புகழ்பெற்றது. அதைக் கண்டவர் யார் என்று இரு குடும்பத்தினர் 2024இல் தில்லி உயர்நீதிமன்றத்தில் வழக்காடத் தொடங்கினர். பழமையின் பழமை என்று உலகம் எண்ணும் கறிக்கு வயது எண்பதை எட்டவில்லை; அதன் தந்தை யார் என்பதே வழக்கு மன்றத்தில் நிற்கிறது! இங்கிலாந்தில் 'சிக்கன் டிக்கா மசாலா' இதற்கு உடன்பிறப்பு. 2001இல் பிரிட்டிஷ் அமைச்சர் ராபின் குக் அதையே தம் நாட்டின் தேசிய உணவு என்று புகழ்ந்தார். டிக்கா இந்தியாவினுடையது, குழம்பு பிரிட்டிஷ் மக்களின் விருப்பத்துக்காகச் சேர்ந்தது என்று அவரே விளக்கமும் தந்தார். ஆக, பாலாடைக் கோலத்தின் வரலாறு இத்துணைச் சிறியது.

மரபியலும் ஒரு சாட்சி சொல்கிறது. பாலிலுள்ள சர்க்கரையின் பெயர் லாக்டோஸ். அதைச் செரிக்கச் செய்யும் நொதி லாக்டேஸ். குழந்தைப் பருவம் கடந்ததும் மாந்தருள் பெரும்பாலோர்க்கு அந்நொதி குறைந்துபோகிறது. உலகின் வளர்ந்தோருள் ஏறத்தாழ மூன்றில் இரு பங்கினர் நிலை இதுவே. வளர்ந்த பின்னும் அதைச் சுரக்கச் செய்யும் மரபணு மாற்றம் சில மக்களிடையேதான் பெருகியது. இந்தியாவில் காணப்படுவதும் ஐரோப்பியரிடம் உள்ள அதே மாற்றந்தான் என்றும், வடமேற்கிலிருந்து தென்கிழக்கு நோக்கி வர வர அது குறைகிறது என்றும் 2012இல் வெளிவந்த ஆய்வு காட்டியது. பாலைக் குடித்ததும் வயிறு உப்பித் துன்புறும் பிள்ளையை, "நல்ல பொருள் உனக்குச் சேரவில்லையே" என்று பழிக்கும் பெரியவர்கள் இதை அறிய வேண்டும். அந்தப் பிள்ளை நோயாளி அன்று. மாந்த இனத்தின் பெரும்பான்மையில் ஒருவன்! பாலின் புரதத்தால் ஒவ்வாமை கொள்வோர் வேறு வகையினர். அவர்களுக்கு நெய்யில் ஒட்டியிருக்கும் சிறு எச்சமும் தீங்கு செய்யக்கூடும். "நெய்தானே, ஒன்றும் செய்யாது" என்று ஊற்றிவிடுவது அன்பன்று.

இனிப் பானை. யூதர்களின் ஓய்வுநாள் வெள்ளி மாலை ஞாயிறு மறையும்போது தொடங்கிச் சனி இரவு முடியும். அந்நாளில் தீ மூட்டலாகாது என்பது அவர்கள் மறையின் கட்டளை. ஆனால் பசி கட்டளைக்கு அடங்குமா? பனி உறையும் கிழக்கு ஐரோப்பாவில் சனி நண்பகலில் சூடான உணவு வேண்டுமே! கட்டளை எழுதியவர்கள் அடுப்படிக்கு வந்து வழி சொல்லவில்லை. பெண்கள் வழி கண்டனர். இறைச்சி, பயறு, வாற்கோதுமை, கிழங்கு எல்லாவற்றையும் ஒரு பானையில் இட்டு மூடி, வெள்ளி மாலையில் ஊர் ரொட்டிக்கடைக்கு அனுப்பினர். அணைந்த சூளையில் எஞ்சிய வெப்பத்தில் அது இரவெல்லாம் மெல்ல வெந்தது. மறுநாள் எடுத்து வந்து உண்டனர். அதன் பெயர் சோலண்ட்.

அந்தப் பானையில் ஒரு சொட்டுப் பாலும் கிடையாது. குட்டியை அதன் தாயின் பாலில் சமைக்காதே என்று அவர்கள் மறை மூன்று இடங்களில் கூறுகிறது. அதை விரித்து, இறைச்சியும் பாலும் ஒரே உணவில் சேரலாகாது என்று விதித்தனர். கோழிக்கும் அதைப் பொருத்தினர். கோழி பால் தருமா? தாயின் பாலில் குஞ்சை வேகவைக்க முடியுமா? இக்கேள்வியை நாம்தான் முதலில் கேட்பதாக எண்ண வேண்டா. பண்டைய கலிலேயாவில் ரபி யோசே என்பவர் இதையே கேட்டார். அவருடைய ஊரார் கோழியைப் பாலோடு உண்டனர் என்று தால்முத் நூலே பதிவு செய்திருக்கிறது. பிற்காலத்தில் அவர் கருத்து தோற்றது, விதி நிலைத்தது. எதிர்க்கருத்தையும் அழிக்காமல் ஏட்டில் வைத்திருந்த நேர்மையை மட்டும் நாம் பாராட்டலாம்.

இர்விங் நக்கும்சான் 1902இல் அமெரிக்காவில் நியூ ஜெர்சியில் பிறந்தவர், பொறியாளர். அவருடைய தாய் லித்துவேனியாவின் வில்னா நகரத்திலிருந்து வந்தவர். சிறுமியாய் இருந்தபோது வெள்ளி மாலைகளில் தம் தாயின் சோலண்ட் பானையை ரொட்டிக்கடைக்குச் சுமந்து சென்ற கதையை மகனிடம் சொன்னார். மகன் சிந்தித்தார். சூளையின் வெப்பத்தைப் பானைக்கே கொண்டுவந்தால் என்ன? வெளிக்கலத்துக்குள் மின்கம்பிச் சுருள், அதனுள் சமையற்பானை. 1936இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார், 1940இல் கிடைத்தது. போருக்குப் பின், செருமானியர் பெயர்போல் ஒலித்த தம் பெயரை 'நாக்சன்' என்று சுருக்கிக்கொண்டார். காப்புரிமை கிடைத்த மறு ஆண்டு, 1941இல், இட்லரின் படை வில்னாவுக்குள் நுழைந்தது. நகருக்கு வெளியே பொனாரிக் காட்டில் ஏறத்தாழ 70,000 யூதர் சுட்டுக் கொல்லப்பட்டனர். வெள்ளி மாலையில் பானை சுமந்த சிறுமியரும் அவர்களுள் இருந்திருப்பர். அந்த அடுக்களைகள் அழிந்தன. அவற்றின் உத்தி ஒரு காப்புரிமைத் தாளில் உயிர் பிழைத்திருந்தது.

நாக்சனின் பானை நெடுங்காலம் பயறு வேகவைக்கும் சிறு கருவியாகவே விற்றது. 1970இல் கான்சாஸ் நகரத்து ரைவல் நிறுவனம் அவருடைய தொழிலை வாங்கியது. 1971இல் 'கிராக்பாட்' என்று புதுப்பெயர் சூட்டியது. மகளிர் பெருந்தொகையாக அலுவலகங்களுக்குச் செல்லத் தொடங்கிய காலம் அது. சமைப்பவர் வெளியே இருக்கையிலும் பானை நாளெல்லாம் சமைக்கும் என்று விளம்பரம் செய்தனர். விற்பனை 1971இல் 20 இலட்சம் டாலர். 1975இல் 9 கோடியே 30 இலட்சம் டாலர்! இந்த ஏற்றத்தைப் போற்றும்போது ஒன்றையும் கேட்கத்தான் வேண்டும். வெளியே சென்ற 'சமைப்பவர்' யார்? மனைவி. அவள் சம்பளம் வீட்டுக்கு வந்தது; அடுக்களையோ அவளைவிட்டுப் போகவில்லை. விடியலில் வெங்காயம் உரித்துவிட்டுத்தான் அவள் பேருந்து பிடித்தாள். பானை அவளுக்கு மாலைப்பொழுதைத் தந்தது. அது சிறு கொடையன்று. காலைப்பொழுதைத் தர வேண்டியவர் கணவர். அதற்கு எந்த நிறுவனமும் விளம்பரம் செய்யவில்லை.

அந்தக் காலைப்பொழுதுக்கு உதவட்டும் என்று, பாலில்லாக் கோழிக்கறியை இப்பானையில் சமைக்கும் முறையையும் கூறுகிறோம். கணவன்மாரும் படிக்கலாம்.

பானையின் இயல்பை முதலில் அறிதல் வேண்டும். சுற்றுச்சுவரில் குறைந்த வெப்பம். மேலே இறுக்கமான மூடி. நீராவி வெளியேறுவதில்லை, ஆகவே குழம்பு வற்றாது, எதுவும் சிவக்காது. நம் அடுப்பில் வாணலியில் நிகழும் வதங்கலும் சுண்டலும் இங்கே நிகழா. இதை அறியாமல் எல்லாவற்றையும் பச்சையாக இட்டு நீரும் ஊற்றியவர்க்குக் கிடைப்பது நோயாளிக் கஞ்சி. பிறகு, "பாலாடை இல்லாததால் சுவையில்லை" என்று பழியை வேறிடத்தில் போடுகின்றனர்! குறை வெங்காயம் வதங்காமையே.

ஆகவே எலும்போடு கூடிய தொடைக்கறி 1 கிலோ கொள்க. நெஞ்சுக்கறி நெடுநேரத்தில் வறண்டுவிடும்; தொடையின் இணைப்புத் தசையோ மெல்ல உருகிக் குழம்புக்குத் திண்மை தரும். கொத்தமல்லி விதை 2 மேசைக்கரண்டி, மிளகு 1 மேசைக்கரண்டி, சீரகமும் சோம்பும் ஒவ்வொரு தேக்கரண்டி, மிளகாய் நான்கு ஆகியவற்றை வறுத்துப் பொடித்துக்கொள்க. வாணலியில் 3 மேசைக்கரண்டி நல்லெண்ணெய் ஊற்றி, பெரிய வெங்காயம் மூன்றைப் பொன்னிறம் கடந்து சிவக்கும்வரை வதக்குக. இருபது நிமிடம் ஆனாலும் ஆகட்டும். இங்கே சுருக்குவழி இல்லை. இஞ்சி பூண்டு விழுது, கறிவேப்பிலை, அரைத் தேக்கரண்டி மஞ்சள்தூள், வறுத்த பொடி, உப்பு, இரண்டு தக்காளி சேர்த்து எண்ணெய் பிரியும்வரை கிளறிக் கறியோடு பானைக்கு மாற்றுக. முந்திய இரவே வதக்கிக் குளிர்பெட்டியில் வைத்திருந்தால் காலையில் ஐந்து நிமிட வேலை. நீர் வேண்டா, கறியே நீர் விடும். உறைந்த கறியை அப்படியே இடலாகாது. மெல்ல ஏறும் சூட்டில் அது நெடுநேரம் வெதுவெதுப்பாகவே கிடந்து கேடான கிருமிகளுக்கு விருந்தாகும்.

மெதுநிலையில் 5 முதல் 6 மணி, மிகுநிலையில் 3 மணி போதும். மணம் வந்ததும் மூடியைத் திறந்து பார்க்க ஆவல் எழும். ஒவ்வொரு முறை திறக்கும்போதும் சேர்ந்த வெப்பம் போய்விடுகிறது. கால்மணி, அரைமணி கூடிவிடும்.

தயிரையும் பாலாடையையும் காலையிலேயே இட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும்? நெடுநேரச் சூட்டிலும் தக்காளியின் புளிப்பிலும் திரிந்து, துருவலாய்ப் பிரிந்து நிற்கும். பால்பொருளைக் கடைசியில் சேர்க்கச் சொல்லி இப்பானையின் கையேடுகளே எச்சரிக்கின்றன. சோலண்ட் அடுக்களையில் பிறந்த பானைக்குப் பால் இன்னும் ஒத்துப்போகவில்லை! தேங்காய்ப் பாலும் சற்று அத்தன்மையதே. ஆதலால் கெட்டியான முதற்பால் 200 மில்லியை இறக்குவதற்கு அரைமணி முன்னர் ஊற்றிக் கலந்து மூடுக. தேங்காயும் ஒவ்வாதவர், ஊறவைத்த முந்திரி பதினைந்தை அரைத்து அதே நேரத்தில் சேர்க்கலாம். இறக்கும்போது புதிதாக இடித்த மிளகைக் கொஞ்சம் தூவிவிடுக. நெடுநேரம் வெந்ததில் முதல் மிளகின் மணம் அடங்கியிருக்கும்.